மதுரையில் மூட்டம்

எங்கள் ஊரில் காட்சி என்றால் குனிந்து பார்ப்பது. லேடீஸ் சீட்டில் நின்று குனிந்தால் சேலம் தெரியும். பகோடா பாயிண்டில் நின்று குனிந்தால் பள்ளத்தாக்கும் ஊர்களும் தெரியும். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஏதாவதொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துத்தான் "ஆஹா" என்பார்கள். அண்ணாந்து பார்த்து யாரும் ஆஹா சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணாந்து பார்த்தால் மழை வருமா வராதா என்பதுதான் தெரியும்.

இந்த ஒரு ஞானத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனவள் நான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்ததோடு நிற்காமல் சேலத்தில் காலேஜ் விடுதி வரைக்கும் போய்விட்டேன். அதனால் எனக்குத் தலைக்கனம் உண்டு. (இப்போதும் உண்டு. குறைக்கிற உத்தேசம் இல்லை.)

காலேஜில் மதுரைக்கு டூர் என்று சொன்னதும் எனக்கு முன்னால் அம்மாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு மீனாட்சி கோயிலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஆனால் பஸ் ஒத்துக்கொள்ளாது. மலைப்பாதையின் முதல் வளைவிலேயே முகம் வெளுத்துவிடும். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் ஆள் பாதியாகிவிடுவாள். அடிவாரத்துக்கு அப்பால் உலகம் இருப்பதை மற்றவர்கள் சொல்லித்தான் நம்பிவந்தாள். ஆகவே மதுரை அவளிடம் வர வேண்டுமென்றால் அது போட்டோவாகத்தான் வர முடியும்.

எஸ்டேட் வேலையாட்களின் வரிசை வீடுகளான லைனில் பக்கத்து வீடு பாப்பாத்தியக்கா. என்னைப் படிக்க வைத்ததில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை.

"பொட்டப்புள்ளயப் படிக்க வெச்சு என்னத்தக் கண்ட?" என்று அன்றைக்கும் கேட்டார்.

"மதுரையவே காங்கப் போறேன். என்ற புள்ள போட்டாப் புடிச்சுட்டு வருவா. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா, காட்டறேன்" என்றாள் அம்மா.

அத்தோடு விட்டிருக்கலாம். லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் படித்ததால் என்ன பயன் என்ற பெரிய கேள்விக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பதில் சொல்லியாக வேண்டும்.

காமிரா எங்கள் எஸ்டேட் ரைட்டருடையது. சம்பளக் கணக்கு எழுதுவது அவர் தொழில். போட்டோ பிடிப்பது அவர் புகழ். மூட்டம் என்று நாங்கள் சொல்லும் பனியை அவரைப்போல் படமெடுக்க இந்த மலையில் ஆளில்லை என்று பேச்சு. எஸ்டேட் ஆபீஸ் சுவரில் அவர் எடுத்த படங்கள் வரிசையாகத் தொங்கும்: மூட்டத்தில் ஏரி, மூட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள், மூட்டத்தில் துரையின் நாய். எங்கள் அக்கா கல்யாணத்துக்கும் அவர்தான் எடுத்தார், மூட்டத்தில் மாப்பிள்ளை.

"நொம்பப் பத்திரமுங்க கண்ணு" என்று பிலிம் போட்டே கொடுத்தார். "இந்த ஓட்டையில பாக்கோணும், இதை அமுக்கோணும். கண்ணாடியத் தொடவே கூடாது. நானே தொடமாட்டேன்."

அவர் உண்மையாகவே தொட்டதில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பங்குனி மாதம். மதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே காலை வெயில் கன்னத்தில் அறைந்தது. என் தோளில் காமிரா, கையில் ஸ்வெட்டர். (மலைக்காரர்கள் எரிமலைக்குப் போனாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போவோம்.) கோயில் வாசலில் எங்கள் மேடம் எல்லாரையும் வரிசைகட்டி உள்ளே அனுப்பினார்கள். நான் அறைத்தோழி சாந்தியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். சாந்தி சேலத்துப் பெண், நல்லவள், மறுத்துப் பேசத் தெரியாதவள். அன்றைக்குக் கற்றுக்கொண்டாள்.

"மொதல்ல சாமி கும்புட்டுட்டு வந்தரலாம் வாடி" என்றாள்.

"சாமி எங்கியும் போவாது. இப்ப எடுக்கலீன்னா மூட்டம் வந்து மூடிக்கும். அப்பறம் ஒண்ணுமே தெரியாது."

"மதுரையிலயா?"

"எல்லா ஊருக்கும் பொதுதான்" என்றேன், இரண்டாம் வருஷம் பி.ஏ. படிக்கும் உறுதியோடு.

தெருவில் ஒரு வளையல் கடைக்காரரிடம் போனேன். "ஏனுங்க, இங்க வியூ பாயிண்ட் எங்கீங்க இருக்குது?"

"என்ன பாயிண்டு?"

"நின்னு பாக்கற எடமுங்க."

"நீ நிக்கிறது என்னம்மா? இந்தா, கண்ணு முன்னாடி நிக்குது கோபுரம். அண்ணாந்து பாரு. அம்புட்டுத்தேன்."

எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஊரில் ஒரு பாயிண்ட் இல்லை, ஒரு சீட் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. அண்ணாந்தால் கோபுரத்தின் கால்மாட்டுப் பொம்மைகள்தான் காமிராவுக்குள் வந்தன. அம்மாவுக்கு முழுக் கோபுரம் வேண்டும். சரி, உயரமான இடத்தை நாமே கண்டுபிடிப்போம் என்று தெருத்தெருவாக நடந்தோம். இரண்டு வீதி தள்ளி, நாலு மாடி வீடு ஒன்று கிடைத்தது. வாசற்படியில் ஓர் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மாடியில நின்னு ஒரு போட்டா எடுத்துக்கட்டுங்களா? ஏற்காட்டுலருந்து வர்றோமுங்க" என்றேன்.

"ஏற்காடா! அம்புட்டுத் தூரத்துலருந்தா? போங்கத்தா. வடகம் காயுது, பாத்துப் போங்க."

மரியாதை தெரிந்த பெண்கள் அல்லவா, செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினோம்.

மொட்டைமாடியில் முதல் காலை வைத்தபோது தரை நெருப்பு என்று தெரியவில்லை. இரண்டாவது காலை வைத்தபோது தெரிந்தது. எங்கள் மலையில் வெயில் என்பது தலைக்கு மேலே இருக்கும் ஒரு பொருள். அது தரையிலும் படுத்திருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் ஸ்வெட்டரைத் தரையில் வீசி அதன்மேல் ஏறினேன். சாந்தியும் பாய்ந்து ஏறினாள். ஒரே ஸ்வெட்டரில் இரண்டு பேர்; முதுகுப் பக்கம் எனக்கு, கைப்பக்கம் அவளுக்கு.

ஆனால் காட்சி! குனிந்து பார்க்க முடியாவிட்டாலும், கோபுரம் தலை முதல் இடுப்பு வரை நேருக்கு நேர் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. நீல வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஓட்டையில் பார்த்தேன், அமுக்கினேன். "கொஞ்சம் இடக்க நவுறு" என்பேன்; இருவரும் ஸ்வெட்டரோடு தத்தித்தத்தி நகர்வோம். ஒரு சுருள் பிலிமில் கடைசிப் படம் பாக்கி. அதில் நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சாந்தியிடம் காமிராவைக் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டரை விட்டு இறங்கிக் கைப்பிடிச்சுவரை நோக்கி ஓடினேன்.

பாதி வழியில் கால் தாங்கவில்லை. கண்ணில் பட்ட ஒரே குளிர்ந்த இடத்துக்குத் தாவினேன். ஈரமான வெள்ளை வேட்டி. அதன்மேல் அழகாகப் பிழிந்து வைத்த கூழ் வடகம். ஐயோ, என்ன சுகம்! உள்ளங்கால் வழியாக உயிர் திரும்பி வந்தது. சாந்தி அந்த நேரம் பார்த்து அமுக்கினாள். பிறகு அவளும் சூடு தாங்காமல் என் பக்கம் ஓடிவந்து வடகத்தில் ஏறிக்கொண்டாள்.

"அடியே! எறங்குங்கடி!"

படிவாசலில் அந்த அம்மாள். நாங்கள் இறங்கினோம், சூட்டில் மறுபடி ஏறினோம். அவருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

"வெள்ளனா எந்திரிச்சு இடுப்பொடியப் பிழிஞ்சதுடி! என்ன படிக்கிறீக?"

"பி.ஏ.ங்க."

"வடகத்துல நடக்கக் கூடாதுன்னு அதுல போடலையாக்கும்?"

மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பைப் பிழிந்து வைத்தால் காயுமா என்று கேட்டார். காயாதுதான். கீழே கூட்டிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். சாந்தி வேட்டியை அலச, நான் கூழ் கிண்ட, இரண்டு பேருமாக மறுபடி மாடியேறி (இந்தமுறை செருப்போடு) வரிசை வரிசையாகப் பிழிந்தோம். என் வரிசை கோணலாக இருக்கிறதென்று இரண்டு முறை திருத்தினார். பிழிந்து முடித்ததும் சோறு போட்டார், கத்திரிக்காய்ப் புளிக்குழம்போடு. சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினால், மத்தியானத்துக்கு நடை சாத்தியிருந்தது.

மேடம் பஸ்ஸில் வைத்துக் கொடுத்த பூசையை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் மற்றவர்கள் பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர்கள் வெறுமனே பார்த்திருக்கிறார்கள், நான் எடுத்திருக்கிறேன். மடியிலிருந்த காமிராவைத் தட்டிக்கொடுத்தேன்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உறையை வாங்கியபோது ஸ்டுடியோக்காரர் பாராட்டினார். "நல்ல மூட்டத்துல எடுத்திருக்கீங்க. எந்தப் பாயிண்டுங்க இது?"

பிரித்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் பனி. சாம்பல் புகைக்குள் ஏதோ ஒரு முகடு, அதற்குப் பின்னால் மங்கலாக இன்னொரு முகடு. கடைசிப் படத்தில் புகைக்குள்ளிருந்து ஒரு பேய், ஆனந்தமாகக் கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைத் துணிமேல் நின்றது. அது நான்.

வீட்டுக்குப் போனால் லைனே கூடியிருந்தது. ரைட்டரும் வந்திருந்தார். அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் படங்களை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பாப்பாத்தியக்காவிடம் நீட்டினாள்.

"ஏம்புள்ள, மதுரையிலயும் மூட்டமா?" என்றார் பாப்பாத்தியக்கா. "இதுக்கு அத்தாந்தொலவு போவோணுமா? நம்ம தொரை ஊட்டு வாசல்ல நின்னே எடுத்திருக்கலாமே!"

லைன் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"மூட்டம்னா இப்பிடித்தான் உழுகும்" என்று ரைட்டர் எனக்குப் பரிந்து வந்தார். "புள்ள நல்லாத்தான் எடுத்திருக்குது."

"அங்க மூட்டமே இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். "கால் வெக்க முடியாத வெயிலுங்க!"

ரைட்டர் காமிராவை வாங்கினார். கண்ணாடியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வேட்டி நுனியால் துடைத்தார். ஊதிவிட்டு மறுபடி துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்தபோது எல்லாருக்கும் தெரிந்தது: கண்ணாடியின் உள்பக்கம், ஊறுகாயில் படிவதுபோல், வெள்ளையாகப் பூசணம்.

பார்க்கிற ஓட்டை வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு. எனவே யாருக்கும் தெரியவில்லை. இந்த மலை ஈரத்தில் எத்தனை வருஷமாகப் பூத்திருந்ததோ! ஏற்காட்டில் எடுத்தவரைக்கும் அது மூட்டமாகவே செலாவணியானது.

"அப்ப எங்க மூத்தவ கண்ணாலம்?" என்றார் அப்பா மெதுவாக.

அக்கா கல்யாணம் சித்திரையில், நடுமத்தியானத்தில். அன்றைக்குப் பனி கொட்டியது என்று எங்கள் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் குளிரில் உதடு நடுங்கியதுகூட அம்மாவுக்கு நினைவிருந்தது.

ரைட்டர் காப்பி குடிக்காமல் போய்விட்டார். ஆபீஸ் சுவரிலிருந்து துரையின் நாய் மறுநாளே இறங்கியது.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "படம் கெடக்குது உடு. கோயலு உள்ள எப்பிடி இருந்துச்சுன்னு வாயால சொல்லு கண்ணு."

பொற்றாமரைக் குளம் பெரியது என்றேன். எவ்வளவு பெரியது என்றாள். நம் ஏரியைவிடச் சின்னது என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நானே போய்ப் பாத்துக்கறேன்" என்றாள்.

போனாள். பள்ளிக்கூட லீவில் (அதற்குள் நான் டீச்சராகியிருந்தேன்) நான்தான் கூட்டிப்போனேன். மூக்கில் எலுமிச்சம்பழம், கையில் பை. ஒவ்வொரு வளைவிலும் மீனாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினாள். அடிவாரத்தில் முகத்தைக் கழுவிவிட்டு, "இன்னும் எத்தன வளவு?" என்றாள்.

"அவ்வளவுதாம்மா. இனி மதுர வரைக்கும் நேர் ரோடு."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எப்பவோ போயிருப்பனே! படிச்சவதானே நீயி?"

மதுரையில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். கழுத்து வலிக்கவில்லையா என்றேன். மெதுவாகத் தலையை இறக்கினாள். பிறகு, "செருப்ப எங்க உடோணும்?" என்று கேட்டாள். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து முழித்தேன்.

"நீ உள்ளாறயே போவல. அப்பிடித்தானே?"

அங்கேயே நின்று வடகக் கதையை முழுக்கச் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் பூக்காரி திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, ஏதோ தினமும் வந்துபோகிறவளைப்போல் உள்ளே கூட்டிப்போனாள். குளம் எங்கள் ஏரியைவிடச் சின்னதுதான். அதில் நான் சொன்னது சரி.

இப்போது என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எந்த விஷயத்தையும் அடித்துச் சொல்கிற என் பழக்கம் போகவில்லை. வீட்டில் மட்டும், நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "மூட்டமில்லாமச் சொல்றியா?" என்று கேட்பார்கள்.

அந்தப் படங்களில் ஒன்று, முகடு நன்றாக மங்கித் தெரிவது, அம்மா வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இன்னமும் தொங்குகிறது. கழற்று என்றால் கேட்பதில்லை. யார் வந்தாலும், "மதுரைங்க. என்ற புள்ள எடுத்தது" என்பாள்.

"மதுரையில ஏதுங்க மூட்டம்?" என்று வந்தவர்கள் சிரிப்பார்கள்.

அம்மாவின் முகத்தில் ஒரு சின்ன மாற்றமும் இருக்காது.

"இருந்துச்சுங்க. நான் போறப்பத்தான் கலஞ்சுபோச்சு."