பாதாள சித்தரும் வாய் மூடிய ஊரும்

பௌர்ணமி இல்லை. தீபம் இல்லை. அமைச்சர் யாரும் வரவில்லை. ஆனாலும் அன்று காலை செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ நுழைய வழியில்லை. ரமணாசிரமத்தைத் தாண்டிய ஒரு தெருவில் கூட்டம் பிதுங்கி வழிந்தது. காவி கட்டிய ஒரு தாடிக்காரர் தெரு நடுவில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்திருந்தார்.

"உஷ்! யாரும் பேசாதீங்க. சாமி பாதாளத்தைக் கேக்கறாரு!"

அதட்டியவர் அறிவுச்செல்வன். அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இயற்பியல் பட்டதாரி. வீட்டு மாடியில் மூன்று அறை கட்டி, தியானம் செய்ய வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுபவர். பகுத்தறிவாளரான அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர். பெயரிலேயே அறிவு இருக்கிறதே, தலையில் வேறு தனியாக எதற்கு என்று மகன் விட்டுவிட்டார் போலிருக்கிறது. இதை நாம் சொல்லவில்லை. பிற்பாடு அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது.

விஷயம் இதுதான். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஓடிக்கொண்டிருந்த சுரங்க ரயிலை, செங்கம் ரோடு வழியாக அடி அண்ணாமலை வரை நீட்டப் போகிறார்கள். எங்கே நிலையம் வேண்டும், யாருக்கு என்ன கஷ்டம் என்று மக்களே வந்து சொல்லுங்கள் என்று கருத்துக் கேட்புக் கூட்டமும் அறிவித்துவிட்டார்கள். திட்டத்தின் வரைபடம் கல்யாண மண்டபத்துச் சுவரில், ஆள் உயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிச் சுலபமாகத் தெரிந்துகொள்வதில் என்ன மரியாதை இருக்கிறது? நம் ஜனங்கள் பாதாள சித்தரைத் தேடிப் போனார்கள்.

சித்தர் ஒரு மரமணையைத் தரையில் வைப்பார். அதன்மேல் தண்ணீர் நிறைந்த செம்புத் தட்டு. "தாயே, உன் வயித்துல ரயில் போவுதா?" என்று கேட்டுக் காதைத் தரையில் வைப்பார். சற்றுத் தள்ளி அவருடைய சீடன் சுப்பிரமணி, ஜிப்பாப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஜபத்தில் நிற்பான். திடீரென்று தட்டில் தண்ணீர் நடுங்கும். போச்சு! அந்த வீட்டுக்கு அடியில்தான் ரயில் போகிறது. சுவர் விரிசல் விடும், கிணறு வற்றும், பெண்ணுக்கு வரன் அமையாது. பரிகாரமும் உடனே உண்டு. மந்திரித்த செம்புத் தகடு ஒன்றை ஈசானிய மூலையில் புதைக்க வேண்டும். புதைத்த பிறகு மறுபடியும் மணை, தட்டு. இந்த முறை தண்ணீர் அசையாது.

"ரயில் திரும்பிடுச்சு!" என்பார் சித்தர். கூட்டம் கை தட்டும்.

திரும்பிய ரயில் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்கு. அவரும் தகடு வாங்குவார். ரயில் அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போகும். இப்படியே தெரு முழுக்கத் தகடு. கடைசியில் அந்த ரயில் எங்கேதான் போகும் என்று ஒரு மனிதர்கூடக் கேட்கவில்லை. முதல் தகடு வாங்கிய அறிவுச்செல்வன் அதற்கு அறிவியல் விளக்கம் வேறு கொடுத்தார்.

"செம்பு நல்ல கடத்திங்க. மின்சாரத்தையே கடத்துது. ரயிலைக் கடத்தாதா?"

சித்தர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். தகடு புதைத்தவர்கள் ரயிலைப் பற்றி அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் தகட்டின் பலம் போய்விடும்.

ஆகவே முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் வெகு அமைதியாக நடந்தது. மண்டபம் நிறைய ஜனம். மேடையில் தென்றல் என்ற இளம் பெண் அதிகாரி.

"வயசானவங்க படி ஏற முடியுமா? கடைங்களுக்கு என்ன பாதிப்பு? சொல்லுங்க, எழுதிக்கறோம்."

மண்டபம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தகடு வாங்காத தையல் கடைக்காரி கைசர் ஜஹான் மட்டும் எழுந்தார். "மேடம், எங்க கடை..." என்று தொடங்குவதற்குள், நாலு பக்கமிருந்தும் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

"அடி அண்ணாமலையில ஒரு ஸ்டேஷன் யோசிச்சிருக்கோம். ஆனா யாரும் கேக்கலைன்னா செலவைக் கம்மி பண்ண அதை எடுத்துட்டு, ரயிலை முன்னாடியே நிறுத்திருவாங்க. அடுத்த வாரக் கூட்டம்தான் கடைசி," என்றார் தென்றல்.

அடி அண்ணாமலையில் சோடாக் கடை வைத்திருக்கும் ஜோதியம்மாள் அதைக் கேட்டுத் துடித்துப் போனார். அவர் மகளுக்குத் தினமும் கல்லூரிக்கு இரண்டு பஸ். கேட்க வார்த்தை வாய் வரை வந்தது. கடையில் புதைத்த தகடு ஞாபகமும் வந்தது. தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு, பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தார்.

அறிவுச்செல்வன் வெற்றி வீரராக வீடு திரும்பினார். மனைவி வேதா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள்.

"ஒருத்தர் வாயைத் திறக்கல வேதா! என்னா கட்டுப்பாடு தெரியுமா!"

"கருத்து கேக்கற கூட்டத்துல கருத்தே சொல்லாம வந்ததுக்கு இம்மாம் சந்தோஷமா?" என்றாள் வேதா. "சரிங்க, தகட்டாலதான் தண்ணி ஆடலன்னு எப்படித் தெரியும்?"

"பொதைக்கறதுக்கு முன்ன ஆடுச்சு, பொதைச்ச அப்புறம் ஆடல. இதுக்கு மேல என்னா ருசு வேணும்? நான் பிசிக்ஸ் படிச்சவன்மா."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்குது," என்று சொல்லிவிட்டு வேதா சாப்பிட உட்கார்ந்தாள்.

கடைசிக் கூட்டத்தன்று காலை அவள் முகத்தைக் கலவரமாக வைத்துக்கொண்டு வந்தாள். "என்னாங்க, வீடு லேசா ஆடறாப்பல இருக்குது. சாமியை ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லுங்களேன்."

அறிவுச்செல்வனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி தன்னை நம்பியது இதுதான் முதல் தடவை. சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஓடினார். மதியத்துக்குள் சித்தர் வந்தார். சித்தர் வந்தால் கூட்டம் வராமல் இருக்குமா? அதுவும் வந்தது.

மணை வைத்தாயிற்று. தட்டில் தண்ணீர் ஊற்றியாயிற்று. சுப்பிரமணி கையைப் பைக்குள் விட்டுக் கண்ணை மூடினான். சித்தர் படுத்தார், கேட்டார், எழுந்தார். தண்ணீர் ஆடவே இல்லை.

"பயப்படாத தாயே. தகடு சிங்கம் மாதிரி உக்காந்து காவல் காக்குது."

"எங்க சாமி உக்காந்திருக்குது?"

"ஈசானிய மூலையில."

"உங்களுக்கு நல்லாத் தெரியுதா?"

"என் கண்ணுக்கு மண்ணு கண்ணாடி தாயே."

வேதா சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தத் தகடு இருந்தது. ஓரத்தில் பாலாடை ஒட்டியிருந்தது.

"இது முந்தாநாள்லேர்ந்து எங்க வீட்டுப் பால் குண்டானைக் காவல் காக்குது சாமி. ஈசானிய மூலையில வெறும் குழிதான் இருக்குது."

கூட்டத்தில் சலசலப்பு. அறிவுச்செல்வனை அவமானம் பிடுங்கித் தின்றது. சித்தரை நினைத்து அல்ல. மனைவியை நினைத்து! ஒரு மகானை இப்படியா சோதிப்பது?

சித்தர் அசரவில்லை. "தகடு போனாலும் சக்தி மண்ணுல தங்கும் தாயே."

"ஆமாமா," என்று அறிவுச்செல்வன் பாய்ந்தார். "காந்தத்தை எடுத்த அப்புறமும் இரும்புல கொஞ்சம் காந்தம் தங்குது இல்ல? அது மாதிரி." சித்தருக்கே தெரியாத சித்த ரகசியமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

கைசர் ஜஹான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க கடையில தகடே கெடையாதுண்ணே. போன வாரம் வந்து பாத்தப்ப தண்ணி ஆடுச்சு. எதிர்லதான கடை, அங்க வெச்சுக் காட்டச் சொல்லுங்க. ஆனா மணை வேணாம். தட்டை மட்டும் தரையில வைங்க."

"மணை இல்லாம பூமாதேவி பேசமாட்டா!" சித்தரின் குரல் ஏறியது.

"மணையே இருக்கட்டும்," என்றாள் வேதா. "சுப்பிரமணி அண்ணன் மட்டும் பைக்குள்ள இருக்கற கையை வெளிய எடுத்து, எல்லாருக்கும் தெரியறாப்பல கும்பிட்டு நிக்கட்டும். சாமி கும்பிடறதுல தப்பில்லியே?"

தப்பு என்று எந்தச் சாமியாரால் சொல்ல முடியும்? சுப்பிரமணி கையை வெளியே எடுத்தான். கும்பிட்டான். கைகள் நடுங்கின. தட்டில் தண்ணீர் மட்டும் நடுங்கவில்லை. சித்தர் தையல் கடை வாசலில் படுத்து, தாயே என்றார், அம்மா என்றார், கடைசியில் தரையைக் கையால் குத்திக்கூடப் பார்த்தார். பூமாதேவி மசியவில்லை. சித்தரின் தாடியிலிருந்து வியர்வை சொட்டியது.

அந்தக் காட்சியைப் பார்த்து மனம் பொறுக்காதவர் ஒரே ஒருவர்தான். அறிவுச்செல்வன்.

"மணை கோணலா இருக்குது சாமி, அதான் பேசல. இருங்க, நான் சரியா வெக்கறேன்."

"ஐயோ, தொடாத!" என்று சித்தர் அலறுவதற்குள் மணையைத் தூக்கிவிட்டார். தட்டு கவிழ்ந்தது. மணையின் அடிப்பக்கம் குடையப்பட்டிருந்தது. அதற்குள் கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு செல்போன் பிய்ந்து அவர் காலடியில் விழுந்தது. எதிரியாக இருந்து சோதித்தவர்கள்கூட மணையைத் தொடவில்லை. பக்தியோடு உதவப் போனவர் குட்டை உடைத்துவிட்டார்.

வேதா போனைத் தரையில் வைத்து, தட்டில் புதிதாகத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்தாள். "இப்பக் கூப்பிடுங்கண்ணே."

சுப்பிரமணி சுற்றிலும் பார்த்தான். தப்பிக்க வழியில்லை. பையிலிருந்த தன் போனை எடுத்து அழுத்தினான். ர்ர்ர்ர் என்றது தரை. தட்டில் தண்ணீர் அழகாக நடுங்கியது.

"பூமாதேவி லைன்ல வந்துட்டாங்க!" என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. நாலு பேர் கையை ஓங்கினார்கள்.

"அடிக்காதீங்க. போலீஸுக்குச் சொல்லியாச்சு," என்றாள் வேதா. "அடிச்சீங்கன்னா நாளைக்கு என் வார்டுலதான் வந்து படுப்பாரு. எனக்குத்தான் வேலை ஜாஸ்தி."

அறிவுச்செல்வன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகை வருவது போலிருந்தது. பிறகு செம்பு ரயிலைக் கடத்தும் என்று தான் கொடுத்த விளக்கம் நினைவுக்கு வந்தது. சிரிக்கத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை.

"பிசிக்ஸ்ல எனக்கு எப்படி டிகிரி குடுத்தாங்க வேதா?"

"அதை அப்புறம் விசாரிக்கலாம். மண்டபத்துல கூட்டம் ஆரம்பிச்சிருக்கும், எழுந்திருங்க."

சித்தரையும் சீடனையும் போலீஸில் ஒப்படைத்துவிட்டு ஊரே மண்டபத்துக்கு ஓடியது. தென்றல் காகிதங்களை அடுக்கிக் கிளம்பிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க முதலில் மைக்கைப் பிடித்தவர் அறிவுச்செல்வன்.

"மேடம், போன வாரம் எங்க வாயைப் பூட்டி வெச்சிருந்தோம். பூட்டினவங்கள்ல நான்தான் பெரிய பூட்டு. இந்த ஊர்ல என்னைவிட முட்டாள் யாராவது இருந்தா அவங்க மொதல்ல பேசலாம். இல்லன்னா நானே ஆரம்பிக்கறேன்."

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. அடி அண்ணாமலைக்கு நிலையம் வேண்டும் என்று ஜோதியம்மாள் பேசினார். மின்தூக்கி இல்லாமல் கட்டாதீர்கள் என்று வேதா பேசினாள். கைசர் ஜஹான், இந்த முறை யாரும் முந்தானையை இழுக்காததால், தன் கடைக்கு என்ன ஆகும் என்று கேட்டே விட்டார்.

தென்றல் சுவரைக் காட்டினார். "ஒண்ணும் ஆகாதும்மா. பாதை ரோட்டுக்கு நடுவுலதான் போவுது. ஒரு வீட்டுக்குக் கீழகூடப் போகல. மொத நாள்லேர்ந்தே இந்த வரைபடம் இங்கதான ஒட்டியிருக்குது?"

மண்டபம் முழுவதும் அந்தச் சுவரைப் பார்த்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தது. அடி அண்ணாமலை நிலையம் திட்டத்தில் நீடிக்கும் என்று தென்றல் எழுதிக்கொண்டார். ஜோதியம்மாள் அதை மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் அறிவுச்செல்வனை ஓரமாக இழுத்தார்.

"ஏன் சார், இந்தாளு டூப்பு. சரி. கீழ்பென்னாத்தூர் பக்கம் நெஜமான சித்தர் ஒருத்தர் இருக்காராமே, விசாரிக்கலாமா?"

அறிவுச்செல்வன் அவரை மேலும் கீழும் பார்த்தார். போன வாரத்து அறிவுச்செல்வனே வேட்டி கட்டிக்கொண்டு எதிரில் நிற்பது போலிருந்தது.

பெருமக்களே, அதிகாரி கேட்கும்போது வாயைத் திறங்கள். சாமியார் பேசும்போது கண்ணைத் திறங்கள். நாம் இதுவரை செய்துகொண்டிருப்பது இரண்டையும் மூடிக்கொண்டு பணப்பையைத் திறப்பது.