மூன்று பதிவேட்டிலும் உள்ள பெயர்

"ஒரே வளைவு, ஒரே வருசம். விபத்துல சிக்குனவங்க போலீஸ் பதிவேட்டுல இருபது பேரு, ஆஸ்பத்திரியில பதினாலு, நம்ம லைசென்ஸ் ஆபீசுல மூணே மூணு. இதுல எதைய்யா மேல அனுப்ப?"

அதிகாரி மூன்று பதிவேடுகளையும் குமாஸ்தா தளவாயின் மேசையில் போட்டார்.

எண்பத்திரண்டாம் வருஷம். மூன்று ஆபீஸ் பதிவேட்டையும் இணைத்து ஒரே பட்டியல் அனுப்பினால் புளியறை வளைவை அகலப்படுத்துவார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவியும் உண்டு என்று உத்தரவு வந்திருந்தது.

அந்த வளைவில் புருஷனைப் பறிகொடுத்த மாடத்தி, சேதி கேட்டுத் தென்காசிக்கு பஸ் ஏறி வந்து ஜன்னலோரம் நின்றாள்.

"அண்ணாச்சி, அவுக பேரு இருக்கா?"

"போலீஸ் பதிவேட்டுல இருக்கும்மா. கவலைப்படாத."

தளவாய் பெயர்களை ஒத்துப் பார்த்தான். போலீஸில் இசக்கி, ஆஸ்பத்திரியில் இசக்கிமுத்து. ஒரே ஆளா, ரெண்டு ஆளா? அதிகாரியிடம் ஓடினான்.

"சந்தேகம்னா அடிச்சிரு."

நாலு பெயர் போயிற்று. அந்த இடத்திலேயே செத்தவர்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இல்லையே என்று மறுபடி ஓடினான். ஓடியிருக்கக் கூடாது.

"மூணுலயும் இருக்க பேரை மட்டும் எழுது. அதுக்குப் பேருதான்யா இணைக்கது!"

"சார், செத்ததெல்லாம் ரோட்டோரம் நடந்து போனவங்க. அவங்களுக்கு லைசென்ஸ் ஏது?"

"லைசென்ஸ் இல்லாதவங்க ரோட்டுக்கு எதுக்கு வந்தாங்க?"

தளவாய்க்கு வேலை முக்கியம். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஜன்னல் பக்கம் திரும்பாமல் ஒவ்வொரு பெயராகச் சிவப்பு மையால் அடித்தான். கடைசியில் மிஞ்சியது கடற்கரை என்ற ஒரே பெயர். போலீஸில் இருந்தது, கால் முறிவு என்று ஆஸ்பத்திரியில் இருந்தது, லைசென்ஸும் இருந்தது.

பட்டியல் போனது. பதில் வந்தது: 'ஒருவர் மட்டுமே பாதிக்கப்பட்டுள்ளதால் வளைவை அகலப்படுத்தத் தேவையில்லை. அவருக்கு உதவி வழங்கலாம்.'

கடற்கரை நொண்டிக்கொண்டே வந்தான். அதிகாரி மாலை போட்டு, உத்தரவைக் கையில் கொடுத்தார். தளவாயும் கை தட்டினான்; வேறென்ன செய்வான்?

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அன்றும் ஜன்னலோரம் வந்து நின்ற மாடத்தியைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தான் கடற்கரை.

"இந்த அக்கா புருசன் மேல லாரிய ஏத்துனதே நான்தான்."