மணிக்கட்டு முறிந்த விதம்

வலது மணிக்கட்டு கவிழ்த்த முள்ளுக்கரண்டிபோல வளைந்திருக்க, உடம்பெல்லாம் வாவிச் சேற்றோடு கந்தப்போடி மாஸ்டர் வாசலில் நின்றார். மகளின் லேடீஸ் சைக்கிளை எடுத்துப்போய்க் களவாக ஓடிப் பழகி விழுந்தேன் என்று ஓர் உதவி அதிபர் எந்த வாயால் சொல்வார்? போரில் இராணுவம் பெற்றோலைத் தடுத்திருந்ததால் நாவற்குடா ஊரே சைக்கிளில் திரிந்த காலம் அது. சைக்கிள் ஓடத் தெரியாத அவர் மட்டும், நடப்பதுதான் நெஞ்சுக்கு நல்லது என்று ஊருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆரு அடிச்ச?" என்றாள் மனைவி அன்னப்பூரணி.

விழுந்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. அந்த நாளில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"ஆமி" என்றார்.

ஆஸ்பத்திரியில் றூபெர்ட் டொக்டர் எக்ஸ்றேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெற்றியைச் சுருக்கினார். "துவக்குப் பிடியால அடிச்சா, தடுக்கத் தூக்கின கை நடுவில முறியும், மாஸ்டர். இது கையூண்டி விழுந்த முறிவு."

மாஸ்டருக்கு வேர்த்தது. "அடிச்சு விழுத்தினவனுகள்."

டொக்டரின் முகம் சிவந்தது. எலும்பை இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார். விரலை ஆட்டிக்கொண்டேயிருக்கச் சொன்னார். ஆமியின் அட்டூழியங்களை முறையிடும் பிரஜைகள் குழுவிலும் அவர் இருந்தார் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மாவு காயுமுன் முகாமுக்கு முறைப்பாடு போய்விட்டது.

பிள்ளைகள் வகுப்பைப் பகிஷ்கரித்தார்கள். அயல் முழுக்க முட்டையும் கோழிச்சாறும் கொண்டுவந்தது. மாஸ்டர் எல்லாவற்றையும் தலை குனிந்தபடி சாப்பிட்டார்.

பின்வளவுச் சீதேவிப்பிள்ளை வெறுங்கையோடு வந்தாள். அவளுடைய மகனின் முன்கையை ஆமியின் சென்றிக் காவலரணில் வைத்து நடுவில் முறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து எண்ணெய்க் கட்டோடு வீட்டிலேயே கிடந்தான். எலும்பு கோணலாக ஒட்டிவிட்டது.

"படிச்ச ஆள் நீங்களாவது வாயத் திறந்தீங்க. என்ட புள்ளைக்காகவும் சேத்துக் கேளுங்க, மாஸ்டர்."

மாஸ்டர் பாதி கடித்த முட்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

விசாரணைக்கு வரச்சொல்லி முகாமிலிருந்து ஆள் வந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. ஊர் சிரிக்கட்டும். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் தண்டனை அனுபவித்தால், அந்தப் பாவம் இந்த மாவுக்கட்டைவிடப் பாரம்.

கப்டனின் மேசைக்கு முன்னால் கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "சேர், என்னை ஒருத்தரும்..."

கப்டன் கையை உயர்த்தி அவரை நிறுத்தி, சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற தமிழ் தெரிந்த சிப்பாய் மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்.

"பயப்படாதீங்க மாஸ்டர். நாங்கதான் அடிச்ச எண்டு எங்கட ஆக்கள் மூணு பேர் ஒத்துக்கிட்டாங்க. அண்டைக்கு அவங்கட்ட அடி வாங்கின ஆக்கள் கனபேர், அதுல நீங்க எந்த ஆள் எண்டுதான் அவங்களுக்கு நினைவில்லயாம்."