மனமுவந்து விட்டுக்கொடுத்தவர்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விமானக் கம்பெனிமீது நான் வழக்குப் போட வேண்டும். சொந்த மைத்துனர் வக்கீலாக இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலு பேர் சிரிப்பார்கள்.

மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது என்று நானும் உங்கள் தங்கையும் கிளம்பினோம். என் அவசரத்தில், எங்கள் விமானத்துக்கு முந்தின விமானத்துக்கே ஆள் வந்து சேராத நேரத்தில் விமான நிலையத்தில் போய் நின்றோம். பெட்டி எடை கூடுதல் என்றார்கள். அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, போட்டிருந்த சட்டைக்குமேல் போட்டுக்கொண்டு, பெட்டிக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றிவரப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் தங்கை கையில் ஒரே ஒரு போர்டிங் பாஸ். கவுன்டர் பெண் சிரித்த முகத்தோடு, "சாரி சார், டிக்கெட் கூடுதலா வித்துட்டோம், ஒரு சீட்டுதான் இருக்கு, மேடம் போகட்டும், நீங்க நாளைக்குப் போங்க" என்கிறாள். மச்சான், நான் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ரிட்டையர் ஆனவன். நூறு மூட்டை பிடிக்கிற கிடங்கில் நூற்றுப்பத்து மூட்டைக்கு ரசீது போட்டிருந்தால் என்னை உள்ளே தள்ளியிருப்பார்கள். இவர்களுக்கு அதுதான் தொழிலே! "எப்படியும் சில பேர் வரமாட்டாங்க சார், அந்தக் கணக்குலதான் விக்கிறோம்" என்று விளக்கம் வேறு. "நான் வந்திருக்கேனேம்மா, ரெண்டு சட்டையோட வந்திருக்கேனே" என்றேன்.

உங்கள் தங்கை பாவம், தனியாக அடுத்த தெருவுக்குக்கூடப் போய்ப் பழக்கமில்லாதவள். "நான் எப்படிங்க தனியா போவேன்" என்று சொன்னாள், சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அதிர்ச்சியில் கால் தானாக நடந்திருக்க வேண்டும். என் மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை, போன் சார்ஜர் எல்லாம் அவள் கைப்பையோடு பறந்துவிட்டன. கம்பெனி கொடுத்த ஹோட்டல் அறையில், கண்ணாடி இல்லாமல் எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையோ எடுத்துத் தலைக்குத் தேய்த்தேன். அது நுரைக்கவும் இல்லை, அலசினால் போகவும் இல்லை. அந்தத் தலையோடு மகளுக்குப் போன் போட்டு, "அப்பா வந்துக்கிட்டே இருக்கேன், அதுவரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்றேன். "பரவாயில்லப்பா, நீங்க மெதுவாவே வாங்க" என்றாள். வலியிலும் என்ன பெருந்தன்மை! அத்தோடு போனும் உயிரை விட்டது.

மறுநாள் நான் போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்து, குளித்து, துணி மாற்றித் தூங்கிவிட்டாள். மச்சான், மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இருக்கேன், பயப்படாதே" என்று சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அதைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. அதற்கு எவ்வளவு கேட்கலாம் என்று நீங்கள்தான் சட்டப்படி சொல்ல வேண்டும்.

இழப்பீடு கேட்டு எழுதினேன். "தாங்கள் மனமுவந்து இருக்கையை விட்டுக்கொடுத்த பயணி. அதற்குரியது அன்றே வழங்கப்பட்டுவிட்டது" என்று பதில் வருகிறது. மனமுவந்தாம்! பஸ்ஸில் ஜன்னலோரத்தை நான் யாருக்காவது விட்டுக்கொடுத்திருக்கிறேனா? உங்களுக்கே விட்டதில்லை. இது பச்சைப் பொய். உங்கள் தங்கைக்கு என்னைவிடக் கொதிப்பு. இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். ஆகையால் இதைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பையும் அவளிடமே விடுகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு என் எச்சரிக்கை.

இப்படிக்கு,
நியாயம் கேட்டு நிற்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு: அண்ணா, நான்தான் எழுதுகிறேன். இவர் கவரை ஒட்டாமல் கொடுத்துவிட்டார். ஒருவர் சீட்டை விட்டுக்கொடுத்தால் இலவச டிக்கெட் தருவோம், இரண்டு பேரில் யார் நிற்கிறீர்கள் என்று அந்தக் கவுன்டர் பெண் கேட்டபோது, "அவர் நிப்பார், அவருக்குச் சம்மதம்தான்" என்று சொன்னவள் நான். என் பிரசவத்தன்று இவர் வராந்தாவில் மயங்கி விழுந்ததை நீயும்தானே பார்த்தாய்! இருந்த இரண்டு நர்சும் இவருக்கு விசிறப் போய்விட்டார்கள். நான் உள்ளே தனியாகக் கத்திக்கொண்டு கிடந்தேன். மகளுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று பார்த்தேன். அவளும், "அம்மா, நீ மட்டும் வந்தா போதும்" என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனி அன்றைக்கே கொடுத்தது போகவர ஒரு டிக்கெட். என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. அதில் அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வருகிறேன், தனியாகத்தான். டிக்கெட் நீ எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லிவிடு. வழக்கு வேண்டாம் என்று மட்டும் இவரிடம் சொல்லிவிடாதே. போட்டாயிற்று என்று சொல்லி இழுத்துக்கொண்டே இரு, அது உனக்குக் கைவந்த கலை. பேத்தியைக் கையில் வாங்கியதும் இவர் அழுத அழுகையில் குழந்தையே பயந்துவிட்டது, அண்ணா. கம்பெனி விட்டுவிட்டுப் போனது என்றால் இவர் சண்டை போட்டே காலத்தை ஓட்டிவிடுவார். நாங்கள் விட்டுவிட்டுப் போனோம் என்று தெரிந்தால் தாங்கமாட்டார்.