மாமாவை வெட்டச் சொன்ன கல்யாண வீடியோ

அன்புள்ள கொழுந்தனார் சுரேஷ்கண்ணனுக்கு,

பழனிசெட்டிபட்டியிலிருந்து மதினி பாண்டீஸ்வரி எழுதிக்கொள்வது. சென்னையில் நீங்களும் உங்கள் தொப்பையும் சுகமா? இங்கே உங்கள் அண்ணன், பிள்ளைகள், நான் எல்லாரும் சுகம். நம்ம வீடியோ ஸ்டுடியோ கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. போனில் சொன்னால் உங்கள் அண்ணன் காதில் விழும். அதனால் இந்தக் கடிதத்தைத் திராட்சைப் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். முதலில் படியுங்கள், அப்புறம் தின்னுங்கள்.

போன வாரம் டிஸ்க் நிறைந்து, உமாதேவி கல்யாண வீடியோ வெளியே வராமல் முக்கியது இல்லையா? நீங்கள்தான், "மதினி, பழைய ரெண்டர் பைல எல்லாம் அழிங்க, இடம் கெடைக்கும்" என்றீர்கள். ரெண்டர் என்றால் என்ன என்று கேட்டதற்கு, "அது வடிச்ச சோறு மாதிரி. வேணும்னா மறுபடி வடிச்சுக்கலாம். அரிசி மட்டும் பத்திரம்" என்றீர்கள். நல்லாத்தான் சொன்னீக. எது அரிசி, எது சோறுன்னு சொன்னீகளா? உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் 'பெரியப்பா பைனல்', 'சீர்த்தட்டு பைனல்', 'பெரியப்பா மறுபடி பைனல்' என்று சொந்தபந்தம் பேரோடு கொஞ்சம் கிடந்தது. இன்னொரு பக்கம் பேரே இல்லாமல் வெறும் எழுத்தும் நம்பருமாய் ஏகப்பட்டது. பேர் வைத்ததை அழிக்க மனசு வருமா? பெரியப்பாவை நான் அழித்தேன் என்று தெரிந்தால் அந்த மனுசன் நம்ம வாசலை மிதிப்பாரா? அதனால் பேரில்லாததை எல்லாம் கூட்டி அள்ளி எறிந்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கழுவிவிட்ட வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது.

உங்கள் அண்ணன் வந்து திறந்தால், படம் வரவேண்டிய இடத்தில் 'பைல் காணோம்' என்று திரை பூராவும் சிவப்பு. "ஏ பாண்டி, பொண்ணு எங்கன?" என்றார். "மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போயிருப்பா" என்றேன். சிரிக்கவில்லை. நான் எறிந்தது அத்தனையும் கேமராவில் எடுத்த அசலாம். அரிசியைக் கொட்டிவிட்டு ஆறின சோற்றை மூடிவைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் தானாகத் தின்றுவிட்டது என்று அவர் அதைத் திட்டுகிறார். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை உமாதேவிக்கு வளைகாப்பு. அன்றைக்கு இந்த வீடியோவைப் பெரிய டிவியில் போடப்போகிறார்களாம். அவள் அப்பா ராஜமணி வந்து, "தங்கச்சி, எம் மச்சான் அம்மாவாசியோட பேச்சு வார்த்தை இல்ல. அவன் வர்ற எடமெல்லாம் வெட்டிரு. இல்லைன்னா எங்க வீட்டு விசேசத்துக்கு இனி வேற ஸ்டுடியோதான்" என்கிறார். வளைகாப்புக்கு வளையல் தட்டை முதலில் யார் தூக்குவது என்று சண்டையாம். தாய்மாமனை எப்படி வெட்ட? அந்த வீட்டு வழக்கப்படி அவர்தானே பொண்ணைத் தூக்கிக்கொண்டு மணமேடைக்கு வந்தார்! வெட்டினால் பொண்ணு மேடையில் தானாக முளைத்த மாதிரி இருக்கும். அசல் இருந்தால் வேறு பக்கம் எடுத்ததை ஒட்டலாம். மிச்சமுள்ள பைனல் எல்லாவற்றிலும் மாமா இருக்கிறார்.

ஆகையால் வியாழக்கிழமைக்குள் வந்து அழிந்ததை மீட்டுத் தாருங்கள். அண்ணனிடம் சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள். நம்ப மாட்டார், சொல்லுங்கள்.

உங்களுக்குச் சீக்கிரம் ஒரு நல்ல பொண்ணு அமைந்து, அந்த வீடியோவையும் நானே அழிக்கும் பாக்கியம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள மதினி
பாண்டீஸ்வரி

பின்குறிப்பு: நேற்று பஸ் போய்விட்டதால் பெட்டி இங்கேயே கிடந்தது. இன்று காலை ராஜமணி வந்து, "வெட்டியாச்சா?" என்றார். "அண்ணே, அசல் போச்சு. உங்க மச்சான் இருக்குற கல்யாணந்தான் மிச்சம். அவரு இல்லாம வேணும்னா உமாவுக்கு இன்னொரு தரம் தாலி கட்டணும்" என்றேன். போடச் சொல்லிப் பார்த்தார். மாமா பொண்ணைத் தூக்குகிற இடத்தில், "அன்னைக்கு அவனுக்கு முதுகு வலி தங்கச்சி. தூக்கிட்டான் பாரு" என்றார். வண்டியை எடுத்தவர் மச்சான் ஊரான வருசநாடு போய், மத்தியானம் அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார். ஆகவே வராதீர்கள், எதையும் மீட்டுக் கீட்டுத் தொலைக்காதீர்கள். இரண்டு பேரும் இப்போது டீயைக் குடித்துக்கொண்டு வீடியோ பார்க்கிறார்கள். மாமா கேட்கிறார்: "ஆத்தா, எம் பக்கத்துல மாப்பிள்ளையோட சித்தப்பன் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன மட்டும் வெட்டலாமா?"

டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.