பொட்டு வழியே போன தூது

போன மாரி முடிந்த கையோடு நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். பக்கத்து வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையிலுள்ள கிடுகுவேலியைப் பிடுங்கிவிட்டு ஆளுயர மதில் கட்டுவது. அருளம்பலத்தின் முகத்தை இனிப் பார்க்கக் கூடாது.

அருளம்பலம் என் வயதுக்காரன். இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரே கொட்டிலில் கிடந்தவர்கள் நாங்கள். வெளியே ஷெல் விழும். உள்ளே ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு சீட்டு விளையாடுவோம். தோற்றாலும் அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகும். குண்டு பிரிக்காத எங்களை ஒரு துரும்பு பிரித்துவிட்டது. போன மாரியில் ஒருநாள் விளையாடும்போது, துரும்புச் சீட்டை நான் கள்ளமாய் எட்டிப் பார்த்தேன் என்றான். அதோடு பேச்சு நின்றது.

மதில் கதையைச் சொன்னபோது என் மனைவி பத்மாவதி கோபப்படவில்லை.

"இஞ்சாருங்கோ, கட்டுறதைக் கட்டுங்கோ. அதுக்கு முதல் ஒருக்காக் கதைச்சுப் பாத்தால் என்ன?"

"அவனோடை நான் கதைக்கமாட்டன்."

"நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன்."

வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. பின்னேரங்களில் அதன் வழியே போய் வந்தாள். அவன் என் காலில் விழ வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். விழமாட்டானாம். ஆனால் வாய்தவறிச் சொன்னதாக ஒத்துக்கொள்வானாம். சரி, மதிலை விட்டேன். அவன் பக்கத்து நிபந்தனைதான் பாக்கி என்றாள். நான் இனிச் சுருட்டுப் பத்தக் கூடாதாம். காலையில் தேங்காயும் நான்தான் திருவ வேண்டுமாம்.

என் வீட்டுத் தேங்காயில் அவனுக்கென்ன அக்கறை என்று கேட்டேன்.

"உங்கடை உடம்பிலை அந்த மனுசனுக்கு அவ்வளவு பாசம்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அடுத்த நாள் பொட்டுக்குள்ளால் குனிந்து போனேன். அருளம்பலம் கிணற்றடியில் நின்றான். முழங்கை வரை சவர்க்கார நுரை. என்னைக் கண்டதும் சிரித்தான், அதே பழைய சிரிப்பு. பிறகு மெல்லக் கேட்டான்.

"எல்லாம் சரியடாப்பா. வீட்டு உடுப்பெல்லாம் நான்தான் தோய்க்க வேணுமெண்டு ஏன் அப்பிடிப் பிடிவாதமாய் நிண்டனீ?"

நான் அப்படிக் கேட்கவேயில்லை. என் சுருட்டைப் பற்றி அவனும் வாயே திறக்கவில்லையாம். இருவரும் குசினிப் பக்கம் திரும்பினோம். பத்மாவதியும் அவன் மனைவி செல்வநாயகியும் தேத்தண்ணி குடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏதும் பிரச்சினையோ?" என்றாள் பத்மாவதி.

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றான் அருளம்பலம்.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அவன் தோய்த்துப் போட்டதை எடுத்து அலம்பத் தொடங்கினேன்.