பெயர் எழுதாத நாற்பது தாள்கள்

அன்று அந்த அலுவலகத்தில் இருந்தவர்: இன்வார்டு. இல்லாதவர்கள்: மற்ற எல்லோரும். கண்காணிப்பாளர் கோர்ட்டுக்கு, இரண்டு பேர் கூட்டத்துக்கு, மூன்று பேர் டீக்கு. மீதிப் பேருக்குப் பதிலாக நாற்காலிகளில் துண்டு உட்கார்ந்திருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகராகி ஊரே மாறிவிட்டது. ஆனால் ஒரு காகிதம் பிறந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல, அந்த ஊரில் இன்வார்டை விட்டால் வேறு ஆள் இல்லை.

வெளியிலிருந்து வரும் தபாலுக்கெல்லாம் வரிசை எண் போட்டு, தேதி முத்திரை குத்துவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அவர் எண் போடாதவரை எதுவும் வந்ததாக அர்த்தமில்லை. சக ஊழியர் ஒருவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அவர் மேசையில் வைத்துவிட்டார். அதற்கும் எண் போட்டு, கோப்பு கட்டி, சுற்றுக்கு விட்டார். நாற்பது பேரும் ‘பார்த்தேன்’ என்று சுருக்கொப்பமிட்டுக் கோப்பு திரும்பி வந்தபோது, மணமக்கள் மறுவீட்டு விருந்தே சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

நான் ஆராய்ச்சி மாணவன். அரசு அலுவலகங்களில் வேலை செய்பவர்களின் மனப்பான்மைக்கும் அங்கே வேலை நடக்கிற லட்சணத்துக்கும் என்ன தொடர்பு என்பது என் தலைப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்; அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். நிரப்பிய படிவங்கள் நாற்பது, மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பதிவு ரத்து என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். அனுமதிக் கடிதத்தோடும் நாற்பது படிவங்களோடும் போய் நின்றேன்.

இன்வார்டு ஒரு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரு எங்க எழுதறது?”

“பேரு எழுதக் கூடாதுங்க சார். அப்பத்தான் உண்மையச் சொல்லுவாங்க.”

“பேரு இல்லன்னா இது மொட்டக் கடுதாசி, தம்பி. மொட்டக் கடுதாசி மேல நடவடிக்க எடுக்கக் கூடாது.”

“நடவடிக்க வேணாம் சார். டிக் அடிச்சாப் போதும்.”

“டிக் அடிக்கறது இன்னா, நடவடிக்க இல்லியா?”

ஒன்றேகால் மணி நேரம் மன்றாடினேன். கடைசியில், “சரி, வெச்சிட்டுப் போ. முறையா செஞ்சி வெக்கறேன்” என்றார். அந்த ‘முறையா’விலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் அலைந்தேன். போகும்போதெல்லாம் “சுத்துல இருக்குது” என்ற ஒரே பதில். நாலாவது வாரம் திங்கட்கிழமை கோப்பு கைக்கு வந்தது. நாற்பது படிவங்களுக்கும் எண், முத்திரை. ஒவ்வொன்றிலும் ஊழியரின் பெயர், பதவி. எல்லாம் இன்வார்டின் குண்டு குண்டான கையெழுத்து. மேலே ஒரு குறிப்பு: ‘வினாக்களுக்கான வரைவு பதில்கள் மேலதிகாரியின் ஒப்புதலுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகின்றன.’

ஏழாவது கேள்வி, ‘உங்கள் மேலதிகாரி உங்கள் கருத்தைக் கேட்கிறாரா?’ வரைவில் ‘ஆம்’ என்று இருந்தது. மேலதிகாரி அதைப் பச்சை மையில் அடித்து, ‘எப்போதும்’ என்று திருத்தி, நாற்பது பேருக்கும் இதுவே பொருந்தும் என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை.

“பேரப் போட்டு, ஆபீசருகிட்டயே காட்டி வெச்சிருக்கீங்களே சார்! இத வெச்சி நான் இன்னா ஆராய்ச்சி பண்றது? எங்கம்மா வெயில்ல கரும்புச் சோகை உரிச்சி எனக்கு பீஸ் கட்டுச்சி. நீங்க ஒரே குத்துல முடிச்சிட்டீங்க!”

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இன்வார்டின் கை, மைப்பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

“எத்தினி நாளு இருக்குது?”

“அடுத்த திங்கக்கெழம குடுக்கணும்.”

“புதுசா ஜெராக்ஸ் எடுத்துக்கினு வியாழக்கெழம காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. வெள்ளிமலை பஸ்சு.”

கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், நர்சுகள், எழுத்தர்கள் எனப் பல பேர் கள்ளக்குறிச்சியில் குடியிருந்துகொண்டு அந்த பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். “ஆபீசுக்குள்ள வந்தாத்தான் அது தபாலு. பஸ்சுல கை மாறுனா எனக்குத் தெரியாது” என்றார் இன்வார்டு. வியாழக்கிழமை பஸ் கச்சிராயபாளையம் தாண்டியதும் எழுந்தார். ஒரு கையால் கம்பியைக் கட்டிக்கொண்டு, மறு கையால் படிவங்களை நீட்டினார்.

“யாரும் பேரு எழுதாதீங்க! எழுதுனா கிழிச்சிருவேன்!”

ஒரு நர்சக்கா விடவில்லை. “இன்வார்டு சாரா? மொட்டக் கடுதாசி குடுத்துக்கினு வர்றீங்க? ஒடம்புக்கு இன்னா ஆச்சி?”

“வளைவு வர்றதுக்குள்ள டிக் அடிம்மா. ஊசி அப்பறம் போடு.”

“ஏழாவது கேள்விக்கு எடம் பத்தல சார்” என்றார் பின்சீட்டு ஆசிரியர். “பின்னாடி எழுதலாமா?”

“எழுதுங்க. ஆனா பின்பக்கத்துக்கு நான் பொறுப்பில்ல.”

மலை ஏற ஏற டிக்குகளும் கொண்டை ஊசியாக வளைந்தன. ஒருவர் பாதியில் வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு மீதியை நிரப்பினார். வெள்ளிக்கிழமையும் அதே பஸ். அன்று மாலை என் பையில் நாற்பது படிவங்கள் இருந்தன. ஒன்றில்கூட ‘எப்போதும்’ இல்லை. திங்கட்கிழமை பேராசிரியர் பத்துப் படிவங்களைப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் பதிவு பிழைத்தது.

நன்றி சொல்லப் போனேன். இன்வார்டு நிமிர்ந்தே பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்தான் என் காதில் போட்டார்: “ரெண்டு நாளு லெட்டர் குடுக்காம லீவு, தம்பி. மெமோ வந்துடுச்சி. சம்பளத்துலயும் புடிக்கறாங்க.”

எனக்கு மறுபடியும் எரிச்சல்தான் வந்தது. இன்வார்டிடமே கேட்டேன். “ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கலாமே சார்?”

“காரணம் எழுதணுமே. நெசத்த எழுதுனா ஆபீசரு உன் தாளப் புடுங்கிக்குவாரு. பொய் எழுதுனா அத நானே பதியணும்.” அடுத்த தபாலை இழுத்துக்கொண்டார். “எனக்குக் கை வருமா, சொல்லு? போ, போ. வேல கெடக்குது.”

அவர் சர்வீசில் அதுதான் முதல் சம்பளப் பிடித்தமாம். மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.